காவலை வேகவைத்த கோழி

காட்டோரம் ஒரு குட்டை. குட்டைக் கரையில் ஒரு புங்கமரம். அந்த மரத்தடியில் வெள்ளச்சி என்ற கோழி ஒன்பது குஞ்சுகளோடு குடித்தனம் நடத்தி வந்தது.

வெள்ளச்சிக்குச் சுத்தம் என்றால் உயிர். ஒரு நாளைக்கு நாலு முறை மரத்தடியைப் பெருக்கும். குஞ்சுகள் புழுவைக் கொத்தினால்கூட, "கழுவிட்டுச் சாப்பிடு!" என்று அதட்டும். கழுவுவதற்குள் புழு ஊர்ந்து போய்விடும். அது வேறு விஷயம்.

போன மழைக்காலத்தில் கழிச்சல் நோய் வந்து அதன் குஞ்சுகள் அத்தனையும் செத்துப்போயின. அந்தப் பயத்தில் வந்த சுத்தம் இது. அதைக் குறை சொல்ல முடியுமா?

இந்த வருஷமும் மேகம் கறுத்தது. வெள்ளச்சி உடனே குட்டையிலிருந்த சேத்தாயி வாத்திடம் ஓடியது. சேத்தாயி பேருக்கு ஏற்ற மாதிரி எந்நேரமும் சேறும் சகதியும்தான். ஆனால் அதன் குஞ்சுகள் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

"ஏக்கா, உன் பிள்ளைங்களை மட்டும் நோய் அண்ட மாட்டேங்குதே, எப்படி?"

"எல்லாம் புளிச்ச குருணைதான்டி! எருமை மேய்க்க வர்றவங்க மிச்ச மோரைக் கரையிலே ஊத்திட்டுப் போவாங்க. அதைச் சட்டியிலே பிடிச்சு, குருணையை ஊறப் போடுவேன். ஒரு நாள் விட்டா நுரைச்சுப் புளிக்கும். தினமும் காலையிலே ஆளுக்கு ரெண்டு வாய்."

"ஐயே! நாத்தமடிக்குமே!"

"அடிக்கட்டும், உனக்கென்ன? அதுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உயிர் கோடிக்கணக்கிலே இருக்கு. குடல்லே போய்க் குடியேறும். கெட்ட கிருமி வந்தா, 'இங்கே இடமில்லை, நடையைக் கட்டு'ன்னு சொல்லும். நோயை எதிர்த்து நிக்க உடம்புக்கும் தெம்பு வரும். வயித்துக்குள்ளே காவல்காரனை வெச்ச மாதிரி!"

சொல்லிவிட்டு ஒரு சட்டி நிறையக் கொடுத்தும் அனுப்பியது.

இதையெல்லாம் புதருக்குள் இருந்த நரி கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பகீரென்றது. குஞ்சுகள் தெம்பாக இருந்தால் பொழுது சாய்ந்ததும் கிளையில் தாவி ஏறிவிடும். ஏறிவிட்டால் நரிக்குப் பட்டினி. சோர்ந்து கீழே கிடந்தால்தானே விருந்து!

வெள்ளச்சி போகும் வழியில் நரி வந்து நின்றது.

"தங்கச்சி! உன் சுத்தமென்ன, உன் நறுவிசு என்ன! அந்தச் சேத்து வாத்து கொடுத்ததை அப்படியேவா பிள்ளைங்க வாயிலே வைக்கப் போறே?"

"அதானேண்ணே! எனக்கும் குமட்டுது!"

"தளதளன்னு கொதிக்க வெச்சுக் கொடும்மா. ஒரு கிருமி தங்காது!"

நரி சொன்னது சத்தியமான வார்த்தை. ஒரு கிருமி தங்கவில்லை. நல்லதும் தங்கவில்லை.

கரிமூட்டம் போடுகிறவர்கள் தினமும் விட்டுப்போகும் தணல் பக்கத்திலேயே, மழை படாத பாறையடியில் இருந்தது. வெள்ளச்சி அதில் சட்டியை வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியது. ஆறவைத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தது. தினமும் சேத்தாயியிடம் வாங்கும். தினமும் காய்ச்சும். நரியும் தினமும் வந்து, "உன்னை மாதிரி ஒரு தாய் உண்டா!" என்று பாராட்டிவிட்டுப் போகும். வெள்ளச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் மழை கொட்டியது. பின்னாலேயே கழிச்சலும் வந்தது. ஒன்பது குஞ்சுகளும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுருண்டன. கடைசிக் குஞ்சு பொட்டுவுக்கு நிற்கவே முடியவில்லை.

"அக்கா! போன வருஷம் மாதிரியே ஆகுதே! தினமும் கொடுத்தேனே!" வெள்ளச்சி அலறியது.

சேத்தாயி ஓடி வந்தது. தணலில் கொதிக்கும் சட்டியைப் பார்த்தது.

"இது என்னடி?"

"நீ கொடுத்த குருணைதான். சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"அடிப்பாவி! காவல்காரனையே வேகவெச்சுட்டியே! உயிரோட உள்ளே போனாத்தானே அது காவல் காக்கும்?"

"நரியண்ணன்தான் கொதிக்க வைக்கச் சொன்னார்!"

"உன் பிள்ளைங்க வயித்து மேலே நரிக்கு என்னடி அக்கறை? அதுக்கு அதோட வயிறுதான் கவலை!"

பேசி வாய் மூடவில்லை, நரி வந்துவிட்டது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, நாக்கை மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தது.

"ஐயோ பாவம்! ஒன்பதும் விழுந்துடுச்சாமே! கொடு தங்கச்சி, நானே தூக்கிட்டுப் போய் வைத்தியம் பார்க்கறேன்!"

வெள்ளச்சி ஒரு கணம் நரியைப் பார்த்தது. ஒரு கணம் சட்டியைப் பார்த்தது.

"வாங்கண்ணே! முதல்லே ஒரு வாய் சாப்பிடுங்க. நீங்க சொன்ன மாதிரியே தளதளன்னு கொதிக்க வெச்சிருக்கேன்!"

சட்டியை ஓங்கி ஓர் உதை! கொதிக்கிற கஞ்சி முழுவதும் நரியின் மூஞ்சியில்!

"ஒரு கிருமி இருக்காதுண்ணே!"

நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் இரண்டு மலை தாண்டித்தான் நின்றது. "காய்ச்சினது இதுக்காவது உதவிச்சே!" என்றது சேத்தாயி.

அதற்குப் பிறகு சிரிக்க நேரமில்லை. இரண்டும் சேர்ந்து ஈரச் சருகைத் தள்ளிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பின. நல்ல தண்ணீர் வைத்தன. குருணையைப் புளித்தது புளித்தபடியே சொட்டுச் சொட்டாகப் புகட்டின. வெள்ளச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் புகட்டியது. ஆனாலும் புகட்டியது.

குஞ்சுகள் ஒரே நாளில் எழுந்து ஆடிவிடவில்லை. மூன்றாம் நாள் ஒன்று தலை தூக்கியது. ஐந்தாம் நாள் நாலு குஞ்சுகள் இரை கேட்டன. பத்தாம் நாள் பொழுது சாயும்போது எட்டும் கிளையில் உட்கார்ந்திருந்தன. பொட்டு மட்டும் தாவியது, விழுந்தது. மறுபடி தாவியது, விழுந்தது. மூன்றாம் முறை கிளையைக் கவ்விப் பிடித்து ஏறி உட்கார்ந்து, "அம்மா! நாளைக்கும் அந்த நாத்தச் சோறு உண்டுதானே?" என்றது.

காவலையும் சேர்த்துக் கழுவித் தள்ளுகிற சுத்தம், கள்ளனுக்குத்தான் கதவைத் திறந்துவிடும்.