கட்டா மீனின் விலாவில் விரல் தடம்

மீனும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், கட்டா மீனின் விலா வெள்ளித் தகடுபோல வெறுமையாக இருந்தது. ஓடுகிற மீனையும் தின்னும், தூண்டிலில் கிடக்கிற சதையையும் தின்னும்.

ஒரு சித்திரையில், கூட்டத்தின் மூத்த கட்டா தூண்டிலில் மாட்டி, தாடை கிழியத் தப்பி வந்தது. சொந்தங்களைக் கூட்டியது.

"அசையாமக் கிடக்கிறதெல்லாம் மனுஷன் வெச்சது. இனிமே ஓடுறத மட்டும்தான் தின்னணும். சத்தியம் பண்ணுங்க."

"செத்த சாளை மீன்கூட வேண்டாமாண்ணே?" என்றது கூட்டத்தின் பெருந்தீனிக்காரன்.

"வேண்டாம். இது வெளியவும் போகக் கூடாது. சொன்னவன் யாரா இருந்தாலும் கடிச்சுக் குதறிடுவோம்."

எல்லாம் சத்தியம் செய்தன.

அந்தக் கரையில் நாகாயி என்றொருத்தி. அவள் மகள் பிள்ளை பெற்று எட்டு நாள், பால் சுரக்கவில்லை. மருமகன் தூரத்துக் கரைக்கு மீன்பிடிக்கப் போயிருந்தான். வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்த நாகாயி, குழந்தை அழுகிற அழுகையைக் கேட்கமாட்டாமல், மகளுக்குப் பால் ஊற மீன் குழம்பு வைக்கலாம் என்று, பிசுபிசுத்த கறுத்த கையோடு தூண்டிலை எடுத்துக் கட்டுமரம் ஏறினாள்.

சுற்றிலும் கட்டா துள்ளியது. சாளையை விரட்டி விரட்டித் தின்றது. அவள் போட்ட சதையை மட்டும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"கண்ணு அவிஞ்சா போச்சு? நல்ல சதையத்தானே வெச்சிருக்கேன்."

உச்சிவெயில் வந்தது. இரையை நண்டு தின்றுவிட்டது. எரிச்சலில் கயிற்றை விறுவிறுவென்று சுருட்டினாள். மிதந்துகொண்டிருந்த ஆலாப் பறவையின் இறகு ஒன்று தூண்டில் முள்ளில் சிக்கிக்கொண்டு ஓடி வந்தது. பின்னாலேயே பாய்ந்து கவ்விய மூத்த கட்டா, கட்டுமரத்தின் மேல் வந்து விழுந்தது.

"தாயி, விட்டுரு."

"விடவா? வீட்ல பச்ச உடம்புக்காரி வெறுஞ்சோத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

"நான் ஒருத்தன் எத்தன நாளைக்குக் காணுவேன்? விடு. தெனமும் பிடிக்க வழி சொல்றேன்."

நாகாயி யோசித்தாள். ஒரு மீன் ஒருவேளைக் குழம்புதான்.

"சொல்லு. நெசமா இருந்தா விட்டுர்றேன்."

மீன் சத்தியத்தைச் சொன்னது. "வெறும் இறகு போதும். வேகமா இழு. நிறுத்தினா போச்சு."

"மொதல்ல பாக்கிறேன்" என்று ஒரு கையால் அதன் விலாவைக் கட்டுமரத்தோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் இறகை வீசி இழுத்தாள். பெருந்தீனிக்காரன் கவ்வினான். மேலே வந்து விழுந்தவன் கேட்டான்:

"அண்ணே, நீ இங்க என்ன பண்ற?"

நாகாயி சொன்ன சொல்லைக் காத்து மூத்ததைத் தண்ணீரில் விட்டாள்.

உள்ளே போன பிறகுதான் அது தன் விலாவைப் பார்த்தது. ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்திருந்தன. கூட்டம் பார்த்தால் கேட்கும். சாயம் இன்னும் காயவில்லை. நேரே கூட்டத்துக்குள் புகுந்து, "நல்லா இருக்கியாப்பா, நல்லா இருக்கியா" என்று ஒவ்வொருவரையும் உரசி உரசி விசாரித்தது. பொழுது சாய்வதற்குள் எல்லோர் விலாவிலும் கறுப்பு ஏறிவிட்டது.

கட்டா மீன் ஒவ்வொன்றும் விலாவில் விரல் தடத்தோடு பிறப்பது அன்றிலிருந்துதான். கோடையில் கரையோரம் வரும். கிடக்கிற சதையைச் சீண்டாது, ஓடுகிற வெறும் இறகைக் கவ்வும். ரகசியத்தைச் சொன்னவன் யார் என்று கூட்டம் இன்னும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நீந்துகிறது.