யாரும் கேட்காத படங்கள்

ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் எல்லாம் ஆறு டிஸ்குகளில் இருந்தன. ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் மற்ற ஐந்தையும் படித்து, அதில் இருந்ததை மறுபடி எழுதிவிடலாம். வேறு பிரதி கிடையாது. அது வேண்டும் என்று ஜெசிந்தா எழுதிய கடிதங்கள் மேலிடத்தில் தூங்கிக்கொண்டிருந்தன.

ஜெசிந்தாதான் அங்கே பொறுப்பு. வயது முப்பத்துநான்கு. அவரிடம் வேலை கற்க வந்த மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு. அதுவரை எக்ஸ்ரே பிலிம் அறையைப் பார்த்துக்கொண்டவர்.

ஒரு புரோகிராம் அந்த டிஸ்குகளை மூலைமுடுக்கெல்லாம் ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும். அதை மாசிலாமணியிடம் ஒப்படைத்துவிட்டு ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர் தப்பு.

ஒருநாள் மாசிலாமணி கேட்டார்: “மேடம், யாருமே கேக்காத படத்தை அது எதுக்குப் படிக்குது?”

“கெட்டுப்போன இடம் இருக்கான்னு பாக்குது.”

“பதினோரு மாசம் ஓடி ஒண்ணும் கிடைக்கல. படம் மெதுவா வருதுன்னு டாக்டருங்ககிட்ட ஏச்சுதான் மிச்சம். பிலிம் ரூம்ல கேக்காத பெட்டிய நான் திறந்ததே இல்ல. அதான் நிறுத்திட்டேன்.”

“எப்ப?”

“நாலு மாசம் ஆச்சு. பாருங்க, ஆறும் பச்சை விளக்கு.”

நானாக இருந்தால் திட்டியிருப்பேன். ஜெசிந்தா அவரை டிஸ்குகளின் முன்னால் அழைத்துப் போனார்.

“மூணாவதை வெளிய இழுங்க அண்ணே.”

“ஓடிட்டிருக்கே மேடம்!”

“ஒண்ணு போனா மத்த அஞ்சு பாத்துக்கும்ல?”

மாசிலாமணி பிடியில் விரலை வைத்தார். இழுக்கவில்லை.

“மத்த அஞ்சையும் முழுசா படிக்க முடியும்ல மேடம்?”

“நீங்க சொல்லுங்க.”

விரலை எடுத்துவிட்டார். அவர் இழுத்திருந்தால் ஜெசிந்தா தடுத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

அன்றே மாசிலாமணி புரோகிராமை ஓடவிட்டார். டாக்டர்கள் படம் பார்க்கும் நேரத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து வைத்தார்.

மூன்றாம் நாள் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், அஞ்சாவது டிஸ்க்ல ஒரு இடம் படிக்க வரல. ஒரு குழந்தையோட தலை ஸ்கேன். மத்ததுல இருந்து எடுத்துத் திருப்பி எழுதிடுச்சு. நல்லவேளை, இன்னைக்குக் கெட்டதை இன்னைக்கே பிடிச்சாச்சு!”

“இன்னைக்குத்தான் கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?”

மாசிலாமணியின் சிரிப்பு நின்றது.

“அப்ப எப்ப கெட்டிருக்கும் மேடம்?”

“தெரியாது அண்ணே. நாலு மாசமா நாம ரெண்டு பேருமே அந்த இடத்தைப் படிச்சுப் பாக்கலையே.”