தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, கோழி எல்லாம் வாய் திறந்து பேசும். மனிதரைவிட நியாயமாகவே பேசும். அப்படியிருந்த நாளில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இருளாயிக்குப் பத்தும் பறந்த பிறகும் இரண்டு பிள்ளைகள் மிச்சம் இருந்தார்கள். பெரியவன் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தான். சின்னது கைக்குழந்தை.

பக்கத்து ஊர்க் காத்தம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அவள் வீட்டுப் பசுவுக்கென்று ஒரு மூட்டைத் தவிடு இருந்தது. இருளாயி குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தவிட்டை வாங்கிக்கொண்டு போனாள். அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துப் பெரியவன் பிழைத்தான்.

காத்தம்மாள் குழந்தைக்குச் செவந்தி என்று பெயர் வைத்துக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். பசுவுக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. ஒருநாள் செவந்தி அதன் வாலைப் பிடித்து இழுத்தபோது சொல்லிவிட்டது.

“போடி, என் தவிட்டைக் குடுத்து வாங்கின கழுதை!”

செவந்தி அழுதுகொண்டே ஓடினாள். “ஆத்தா, என்னைத் தவிட்டுக்கா வாங்குன?”

காத்தம்மாளுக்கு உயிரே போய்விட்டது. இல்லை என்றால் பசு மறுபடி சொல்லும். ஆம் என்றால் பிள்ளையின் மனசு விட்டுப்போகும். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஆமாடி. நீ மட்டும் என்ன ஒசத்தியா? இந்தத் தெருவுல எல்லாப் பிள்ளையும் தவிட்டுக்கு வாங்குனதுதான். போய்க் கேட்டுப் பாரு.”

சொல்லிவிட்டு, செவந்தி முகம் கழுவுவதற்குள் கொல்லைப்புறமாக ஓடி வீடு வீடாகக் காலில் விழுந்தாள். தெருப் பெண்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. “ஆமா, இவனையும் தவிட்டுக்குத்தான் வாங்குனேன். புளிச்ச தவிடு, அதான் மூக்கு சப்பை” என்றாள் ஒருத்தி. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். செவந்தியும் சிரித்தாள்.

சில வருஷம் கழித்து மழை திரும்பியது. இருளாயி கூலி வேலை செய்து, வாங்கிய அளவுக்குத் தவிடு சேர்த்துத் தலையில் சுமந்து வந்தாள். வாசலில் விளையாடிய செவந்திக்கு அண்ணனின் முகம் அப்படியே இருந்தது. இருளாயி மூட்டையை இறக்கினாள்.

“தாயீ, நான்தான் உன்னைப் பெத்தவ. பஞ்சத்துல உன்னைத் தவிட்டுக்குக் குடுத்துட்டேன். இந்தா, திருப்பிக் கொண்டாந்துட்டேன். வா, போவோம்.”

செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏய், ஓடியாங்கடி! இந்தம்மாவும் தவிட்டுக் கதை சொல்லுது!”

இருளாயி தொழுவத்தைப் பார்த்தாள். “பசுவே, நீ பொய் சொல்ல மாட்ட. நீயாவது சொல்லு.”

காத்தம்மாள் வந்தாள். மூட்டையை அவிழ்த்து, தவிடு முழுவதையும் பசுவின் முன்னால் கொட்டினாள். பசு வாயை அதில் புதைத்தது. நிமிரவே இல்லை. பசியில் பிள்ளையைக் கொடுத்தவளை மன்னிக்கலாம், பயத்தில் பொய் சொன்னவளையும் மன்னிக்கலாம். அந்தப் பசுவை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளின் சிரிப்புக்கு நடுவே இருளாயி வெறும் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று முதல்தான் மாடு பேச்சை விட்டுவிட்டு எதையாவது மென்றுகொண்டே நிற்கிறது. அன்று முதல்தான் தாய்மார் பெற்ற பிள்ளையையும் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உண்மையாகவே கொடுத்தவள் ஒருத்தி அழுதுகொண்டு வந்து நின்றால், எந்தப் பிள்ளையும் நம்பிவிடக் கூடாது பாருங்கள்.