முப்பத்திரண்டாவது கருவி

ஃபாசிலாவிடம் கணினி நிரல் எழுதப் படிக்க வந்தவர்களில் அவளைவிட மூத்தவர் தேவசகாயம் ஒருவர்தான். அவளுக்கு முப்பத்து நான்கு, அவருக்கு அறுபத்தொன்று. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

நாகர்கோவிலில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அவளுடைய அறை. பதினேழு படிகள். வாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்த பிறகு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் அவர் ஏறுவார். அவர் வந்து நாற்காலியில் உட்காரும்வரை அவள் பிளாஸ்க்கைத் திறக்க மாட்டாள்.

"நீங்க குடிக்க வேண்டியதுதானே டீச்சர்?"

"பிளாஸ்க்குல இருக்கிற டீ எங்கேயும் ஓடிப் போகாது, அண்ணாச்சி."

முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் மின்னணுக் கீபோர்டான சிந்தசைசர் வாசித்தவர். வலக்கை கட்டைகளில் ஓடும். இடக்கை மேலே இருக்கும் குமிழ்களைத் திருகி ஒலியை மங்க வைக்கும், துலங்க வைக்கும். இப்போது வலக்கைதான் மிச்சம். இடக்கையின் வேலையைக் கணினியில், சொன்னதைத் தானாகச் செய்யும் ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க நினைத்தார். ஏஜென்ட் சிந்தசைசரை இயக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுக்க வேண்டும். கருவி என்பார்கள். நான்கு மாதத்தில் அவர் முப்பத்தொரு கருவிகள் எழுதிவிட்டார், எல்லாம் ஒற்றை விரலால் தட்டி.

சனிக்கிழமை அவர் மகள் பியூலாவின் திருமண வரவேற்பு. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூங்க வைக்க அவர் போட்ட மெட்டு ஒன்று உண்டு. அதை மேடையில் வாசிப்பதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை, சைக்கிள் கடைப் பையன் சிந்தசைசரைத் தூக்கி வர, படியேறி வந்தவர், அவள் கை பிளாஸ்க்குக்குப் போகும் முன்பே, "டீ வேண்டாம்" என்றார்.

"என்னாச்சு?"

"இந்தக் கை கெடுத்துப் போட்டுது டீச்சர்."

ஒத்திகையில் நடந்ததைச் சொன்னார். மெட்டின் நடுவில், ஒலி மெல்ல விடிய வேண்டிய இடம். ஏஜென்ட் சரியாகத்தான் திறந்துகொண்டு போனது. பழைய பழக்கத்தில் இடக்கை தானாக எழுந்து குமிழைத் திருகிவிட்டது. ஏஜென்ட் ஒலியை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. குமிழ் மட்டும் முன்பு விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கை பட்டதும் ஒலி குமிழ் இருந்த இடத்துக்குத் தாவி, வீறிட்டது.

"தபேலா ஜஸ்டின் காதைப் பொத்திக்கிட்டான். பியூலா வாசல்ல நின்னுட்டிருந்தா. நல்லாத்தான் இருக்குப்பான்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா."

"இப்போ என்ன வேணும் அண்ணாச்சி?"

"கை பட்டாலும் குமிழ் கேட்கக் கூடாது. அப்படி ஒரு கருவி எழுதணும். இல்லேன்னா இதைத் துண்டால கட்டிக்கிட்டுத்தான் உட்காரணும்."

ஃபாசிலா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் வாசித்தார். அந்த இடம் வந்தது.

"திருகுங்க."

திருகினார். ஒலி தன் பாட்டில் விடிந்துகொண்டிருந்தது.

"ஜோர்!" என்றார். இந்தக் கோடிக்குத் திருகினார், அந்தக் கோடிக்குத் திருகினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி இருக்கு, டீச்சர்."

"நீங்க கேட்டது இதுதான்."

"ஆமா. நான் கேட்டதுதான்."

அவள் அதை அழித்தாள். சிந்தசைசரில் ஓர் அமைப்பை மாற்றினாள்.

"இனிமேல் கை பட்டதும் தாவாது. ஒலி எங்கே நிக்குதோ, குமிழும் அங்கே போய்ச் சேரணும். அப்பதான் அது உங்க பேச்சைக் கேட்கும்."

மறுபடி வாசித்தார். இடக்கை நடுங்கிக்கொண்டே குமிழைத் திருகியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். நெருங்கும்போதெல்லாம் ஏஜென்ட் ஒலியை அதற்கும் அப்பால் கொண்டுபோனது.

"ஓடிட்டே இருக்குதே, சவம்! கிளம்பின பஸ்ஸுக்குப் பின்னால ஓடுற கணக்கா இருக்கு."

ஃபாசிலா சிரித்துவிட்டாள். "டிரைவருக்கு நீங்க என்ன சொல்லிக் கொடுத்திருக்கீங்க? முப்பத்தொண்ணும் அதைப் போகச் சொல்ற கருவிதானே."

அவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். கீழே யாரோ சைக்கிள் ட்யூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதி முடித்ததை அவரே வாசித்துக் காட்டினார். "கருவியின் பெயர்: காத்திரு. எப்போது: கை குமிழைத் தொட்டால். செய்ய வேண்டியது: நிற்கிற இடத்திலேயே நில்."

மெட்டு மூன்றாம் முறையாக அந்த இடத்துக்கு வந்தது. இடக்கை எழுந்தது. ஏஜென்ட் நின்றது. வலக்கை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒலி பாதி விடிந்தபடி அப்படியே இருந்தது. குமிழ் நடுங்கி நடுங்கி, நழுவி, மறுபடி பிடிபட்டு, மெல்லத் திரும்பியது. ஓரிடத்தில் ஒலி அவர் விரலோடு சேர்ந்துகொண்டது. மிச்சத்தை அந்தக் கையே விடிய வைத்தது. நடுக்கம் ஒலியிலும் கேட்டது.

வெகுநேரம் அவர் கட்டைகளிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறகு திரையை நெருங்கிப் பார்த்தார். "ஒரு கட்டம் பாக்கி இருக்கு. எத்தனை விநாடி காத்திருக்கணும்னு கேட்குது. ஒண்ணும் போடலேன்னா நின்னுட்டே இருக்குமாம்." தலையைச் சொறிந்தார். "மேடையில சனங்க உட்கார்ந்திருப்பாங்க. மூணு போடட்டா? அஞ்சா?"

ஃபாசிலா பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு தம்ளர்களில் டீ ஊற்றினாள்.

"இந்தப் படியேறி மேல வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுது, அண்ணாச்சி?"

"அதை யாரு எண்ணினா?"

"நானும் எண்ணினதில்லை," என்று ஒரு தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "அந்தக் கட்டத்தை வெறுமையா விடுங்க."