ஏழில் நிற்காத கணக்கு

கணிதத் துறைத்தலைவர் வரகுணனுக்குத் தன் கணினி நிரல் சொன்னால் வேதவாக்கு. ஒரு கோட்டில் புள்ளிகள் வைத்து, அரை வகைக்கெழு என்ற கணித அளவுகோலால், அது எவ்வளவு கரடுமுரடானது என்று நிரல் ஓர் எண் சொல்லும். படிபோலத் திடீரென்று தாவும் கோட்டுக்கு ஏழு என்றது. ஆனால் அந்தக் கோட்டின் அளவு முடிவிலி என்று தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள் முனைவர் பட்ட மாணவி ஜெசிந்தா.

“ஏழுன்னு மாத்து. இல்லேன்னா கையெழுத்து கிடையாது,” என்றார், ஆய்வேட்டை மதிப்பிட வந்த குழுவினர் அத்தனை பேர் முன்னாலும். கையெழுத்து இல்லையென்றால் பட்டமும் இல்லை. என்ன நியாயமோ!

“மாத்திடறேன் சார். புள்ளிகளை இன்னும் நெருக்கமா வெச்சு ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. எவ்வளவு நெருக்கினாலும் ஏழு அசையாதுன்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

புகழ்ச்சி என்று நினைத்து, இடைவெளியைப் பாதியாக்கி ஓட்டினார். எட்டு வந்தது. முறைத்துக்கொண்டே மறுபடி பாதியாக்கினார். ஒன்பது.

“ஏதோ சின்னப் பிழை,” என்று இன்னொரு முறை ஓட்டினார். பத்து.

“நீங்க எங்க நிறுத்தறீங்களோ, அதையே எழுதிக்கறேன் சார்,” என்றாள் ஜெசிந்தா பணிவாக.

குழுவில் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். வரகுணன் மடிக்கணினியை மூடிவிட்டு, ஒரு சொல்லையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், பல நாளாகக் காணாமல் போயிருந்த பசி ஜெசிந்தாவின் வயிற்றைக் கிள்ளியது. நேரே கேன்டீனுக்கு நடந்தாள்.