பதினெட்டாவது பூ

பதின்கவனகம் என்றால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பத்துப் பக்கம் பிடுங்குவார்கள். ஒருவர் வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் நினைத்தபோதெல்லாம் மணியடிப்பார், ஒருவர் பின்னால் உட்கார்ந்து முதுகில் பூ எறிவார். எல்லாருக்கும் முகம் கோணாமல் ஈடுகொடுத்துவிட்டு, மணி எத்தனை, பூ எத்தனை என்று கவனகர் கடைசியில் சொல்ல வேண்டும்.

கலியமூர்த்திக்கு இது ஓய்வுபெற்ற பிறகு பிடித்த பைத்தியம். ஆசிரியர் திருமாமகள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆறு வருடம் வறுத்தெடுத்துவிட்டு முதல் மேடைக்கு நாள் குறித்தார். அதற்குள் லேசான பக்கவாதம் வந்து தொலைத்தது.

கைகால் தேறிவிட்டது. ஆனால் ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கிற வெள்ளை இழைகள் வலப்புறம் கொஞ்சம் சிதைந்திருப்பதாகச் சொன்னார். கவனம் அவ்வப்போது நழுவுமாம்.

கலியமூர்த்தி அந்தப் படத்தோடு ஆசிரியரிடம் போனார்.

“இழையே போன மூளைக்குக் கவனகம் எதுக்கும்மா? என் பேரை எடுத்துடுங்க.”

திருமாமகள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேரை எடுக்கவில்லை. நிகழ்ச்சியன்று பூ எறிய வந்தவரை எழுப்பிவிட்டு, கூடையோடு தானே கலியமூர்த்தியின் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மற்ற ஒன்பது பேருக்கும் கலியமூர்த்தி சொன்ன பதிலில் பிசகில்லை. பூக்கணக்கு பாக்கி. வெண்பாவின் மூன்றாம் அடி வராமல் திணறிய நேரத்தில் பூவின் எண்ணிக்கை கைவிட்டுப் போயிருந்தது. குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். சரியா தப்பா என்று சொல்ல வேண்டியவர் ஆசிரியர் ஒருவர்தான், அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று மனசு ஆசைகாட்டியது. பதின்கவனகர் என்ற பட்டமும் ஆறு வருட உழைப்பும் அந்த ஓர் எண்ணில் நின்றன.

“பதினேழு வரைக்கும் தெரியும். அப்புறம் விழுந்தது எனக்குத் தெரியாதுங்க.”

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அமைப்பாளர் பட்டம் பொறித்த கேடயத்தை மெல்ல மேசைக்கு அடியில் வைத்தார்.

கீழே இறங்கியதும் கலியமூர்த்தி ஆசிரியர் முகத்தைப் பார்க்கவில்லை.

“டாக்டர் சொன்னபடியே ஆயிடுச்சு. உங்க பேரைக் கெடுத்துட்டேன்மா.”

திருமாமகள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த இதழைத் தட்டிவிட்டார். முகத்தில் பெருமை வழிந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“மூணாவது அடிக்கு நீங்க திணற ஆரம்பிச்சப்ப நான் எறிஞ்சது பதினெட்டாவது பூ. பத்தையும் சரியாச் சொன்னவங்களை நிறையப் பார்த்துட்டேன் ஐயா. தன் கவனம் எந்தப் பூவுல போச்சுன்னு சொன்னவர் இத்தனை வருஷத்துல ஒருத்தர்தான். அவர் என் மாணவர்னு ஊரெல்லாம் சொல்லுவேன்.”