இணை இயக்குநரின் குரூப் போட்டோ

இணை இயக்குநர் வைத்தீஸ்வரனுக்குக் குரூப் போட்டோ என்றால் உயிர். நடு நாற்காலி அவருக்கு. இருபுறமும் அதிகாரிகள், பின்னால் எழுத்தர்கள், கடைசி வரிசையில் அலுவலக உதவியாளர்களும் துப்புரவுப் பெண்களும். யாருக்கு என்ன சம்பளம் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த வருஷம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது: முன்வரிசையில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதிகாரிகளிலோ பெயருக்குக்கூட ஒரு பெண் இல்லை.

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த உதவியாளர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்.

"பதவி வரிசை கலையக் கூடாது. முன்னால பாதிப் பேர் பொம்பளைங்க வேணும். முடியலேன்னா உன் பதவி உயர்வு ஃபைல் இன்னும் மூணு வருஷம் தூங்கும்."

"அதுக்கென்ன சார்" என்றாள் பேச்சியம்மாள்.

எல்லாரையும் வழக்கம்போலவே நிறுத்தினாள். பிறகு போட்டோக்காரரைக் கையோடு கூட்டிப்போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்க வைத்தாள்.

"எல்லாரும் எழுந்து, நின்ன இடத்துலயே திரும்புங்க!"

திரும்பினார்கள். துடைப்பம் பிடிக்கிற பெண்கள் முன்னால் பளிச்சென்று நின்றார்கள். வரிசை இம்மியும் கலையவில்லை.

எங்கோ பின்னாலிருந்து இணை இயக்குநரின் குரல் வந்தது. "பேச்சியம்மா, நான் தெரியறேனா?"

"குதிகாலைத் தூக்கி எம்பி நில்லுங்க சார். நாங்க இருபது வருஷமா அப்படித்தான் நின்னோம்."

முதலில் சிரித்தவர் வைத்தீஸ்வரன்தான். சிரித்துக்கொண்டே எம்பினார், படத்தில் அவருடைய வழுக்கை மட்டும் விழுந்தது.

மறுநாள் கெண்டைக்கால் வலியோடு நொண்டி வந்தவர், உட்காருவதற்கு முன்பே அந்த ஃபைலைக் கேட்டார்.